வௌவால் பள்ளம்

பலகை போடுவார்களாம், பலகை. வௌவால் பள்ளத்துக்கு நடுவில், போகிறவர் வருகிறவர் கால் வைத்துத் தாண்ட வசதியாக ஒரு மரப்பலகை, அதற்குக் கீழே நிழல், இரண்டு ஓரத்திலும் ஆணி, ஓவியர் காலையிலேயே வரைந்து அனுப்பிவிட்டார், அழகாகத்தான் வரைந்திருக்கிறார், அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது... மணி ஒன்று நாற்பது. சாப்பாட்டு டப்பாவில் பாதி அப்படியே இருக்கிறது, மூடிவிட்டேன், கோபத்தோடு சாப்பிட்டால் எனக்கு விக்கல் வரும். ஐந்து மணிக்கு எங்கள் கேம், டிவியில் மாட்டி விளையாடுகிற கருவி இருக்கிறதே, அந்தக் கருவிக்காரர்களின் பரிசோதனைக்குப் போக வேண்டும், புதிய கருவியில் எது வெளிவருவதானாலும் முதலில் அந்தக் கருவியைச் செய்கிற கம்பெனிக்காரர்கள் விளையாடிப் பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டும், அந்தத் தேதியை ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப் போட்டாயிற்று, மூன்றாவது முறை கேட்டால் அடுத்த வருடம் வாருங்கள் என்பார்கள். இன்னும் மூன்று மணி இருபது நிமிடம் இருக்கிறது. போதும். இதைவிடக் குறைந்த நேரத்தில் இதைவிடப் பெரிய தலைவலியெல்லாம் பார்த்தவள் நான், ஒரு பலகையைப் பிடுங்கி எறிய மூன்று மணி நேரம் தாராளம்.

இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு டயர் கடையின் மாடியில் நாலு பேர் சேர்ந்து செய்த கேம் இது. ஒரு தபால்காரர், உயரம் இருபத்துநாலு புள்ளி, தோளில் சிவப்புப் பை, இடிந்த சுரங்கம் ஒன்றுக்குள் குதித்துக் குதித்துப் போய்க் கடிதம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் கதை. படம் போட ஒருவர், இசைக்கு ஒருவர், புரோகிராம் முழுக்க நான். எந்தப் பாறை எங்கே, எந்தப் பள்ளம் எத்தனை அகலம், எந்த மூலையிலிருந்து எது பாயும் என்று ஒவ்வொரு லெவலையும் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்தது என் அண்ணன். அதையே இப்போது புதிய கருவிகளுக்காக வரிக்கு வரி திருப்பி எழுதியிருக்கிறோம், மாற்றப் பட்டியலில் மொத்தம் முப்பத்தொன்று. சில மாற்றங்கள் நானே கேட்டவை. முன்பெல்லாம் ஒவ்வொரு லெவல் முடிவிலும் பன்னிரண்டு எழுத்து ரகசியச் சொல் ஒன்று வரும், அதைத் தாளில் குறித்து வைக்க வேண்டும், ஒரு எழுத்து தப்பினால் முதலிலிருந்து, இப்போது எங்கே வேண்டுமானாலும் நிறுத்திவிட்டுப் போகலாம், போகட்டுமே, அவரவருக்கு அடுப்பில் பால் இருக்கும். மின்னல் வெட்டு சிலருக்கு வலிப்பு வரவழைக்கும் என்று மங்கலாக்கினோம், நியாயம். மூன்றாவது லெவல் கிழவனின் வாயிலிருந்து சுருட்டை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தோம், பாவம், வாயைக் குவித்தபடியே நின்றான், ஒரு விசில் சத்தம் சேர்த்து அவன் மானத்தைக் காப்பாற்றினேன். திரை அகலமானதில்தான் பெரிய கூத்து, பழைய சதுரத் திரைக்கு வெளியே தங்கள் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்த வௌவால்கள் எல்லாம் ஓரத்தில் சிறகை மடக்கி வரிசையாக நிற்பது அப்பட்டமாகத் தெரிந்தது, நாடகத்தில் திரைச்சீலையை முன்கூட்டியே இழுத்துவிட்ட மாதிரி, ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் தள்ளி நிறுத்தினேன். முப்பது முடிந்தாயிற்று. இருபத்துமூன்றாவது மட்டும் பாக்கி.

ஏழாவது லெவல், வௌவால் பள்ளம். விளிம்பில் நிற்கும் கடைசி இரண்டு படத்துக்குள் குதிக்கிற பட்டனை அழுத்த வேண்டும், திரையில் வினாடிக்கு அறுபது படம் ஓடுகிறது, அதில் இரண்டு என்றால் கண் இமைக்கிற நேரம்கூட இல்லை. பழைய கருவியில் அது முடிந்தது. எட்டு வௌவாலும் ஒன்றாகக் கிளம்பும்போது அந்தக் கருவிக்கு மூச்சு வாங்கும், தபால்காரர், வௌவால், மேலிருந்து விழுகிற கல், எல்லாமே பாதி வேகத்துக்கு இறங்கிவிடும், விரலுக்கு நேரம் கிடைக்கும், கழுத்தளவு தண்ணீரில் நடக்கிற மாதிரி மிதந்து போய் அந்தப் பக்கம் இறங்கியதும் பழையபடி வேகம் திரும்பும். விளையாடிய யாரும் அதை மறக்கவில்லை, இன்னும் அதைப் பற்றி எழுதுகிறார்கள். புதிய கருவிக்கு எட்டு வௌவால் தூசு, எண்ணூறு வந்தாலும் அசையாது, அதனால் மெதுவும் இல்லை, அதனால் தாண்டவும் முடியவில்லை. முந்தாநாள், கட்டைவிரல் என்று நாங்கள் கூப்பிடுகிற பெண் அறுபத்தொரு முறை குதித்து இரண்டே முறை தாண்டினாள், நாள் முழுக்க விளையாடிப் பிழை பிடிப்பதுதான் அவள் வேலை, அவள் விரலுக்கே இரண்டு என்றால் மற்றவர்கள் கதி? அதைப் பார்த்துத்தான் அஞ்சு மணி பலகை என்று ஆரம்பித்தார். அஞ்சு மணி எங்கள் மேலாளர், எதைக் கேட்டாலும் அஞ்சு மணிக்குள் என்பதால் அந்தப் பெயர், வைத்தது நான்தான், அவருக்கும் அது தெரியும்.

பலகை போட்டால் குடி முழுகிப் போகுமா? போகாது. பலகையில் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் என்று எல்லோரும் போய்விடுவார்கள், கீழே குனிந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பள்ளம் அண்ணனுடையது... ஒன்பது கட்ட அகலம், ஒரு கட்டம் குறைக்க மாட்டேன் என்று நின்றான். அன்று புதன்கிழமை, கேம் தயாரிப்புக்குப் போகப் பத்து நாள்தான் இருந்தது, யாராலும் தாண்ட முடியவில்லை, அவனாலும் முடியவில்லை. பள்ளத்தைக் குறை, இல்லாவிட்டால் வௌவாலைக் குறை என்றேன், இரண்டையும் குறைக்க மாட்டேன் என்றான், அப்படியானால் உன் தாளிலேயே குதித்து விளையாடிக்கொள் என்று சொல்லிவிட்டுக் கோபத்தில் எதையெதையோ தட்டி மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வியாழக்கிழமை அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், காலையிலிருந்து இருட்டும்வரை நான் ஆஸ்பத்திரியில். வெள்ளிக்கிழமை மாடியேறிப் போனால் பள்ளத்தில் எல்லாம் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கிறது, மூன்று பேரும் மாறி மாறித் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள், என்னைப் பார்த்ததும் அண்ணன் எழுந்து நின்றான். "எப்ப பண்ணினே? ஒரு வார்த்தை சொல்லலையே. காலத்தையே பிடிச்சு நிறுத்தி வச்சிருக்கியே!" எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. புதன்கிழமை மாலை மாற்றியது ஏதோ வேலை செய்திருக்கிறது என்று நினைத்து, சும்மா சிரித்து வைத்தேன். வாயைத் திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை, சிரித்ததோடு சரி.

கேம் தயாரிப்புக்குப் போய் இரண்டு வாரம் கழித்து, அச்செடுத்து வைத்திருந்த புரோகிராமைப் புரட்டியபோது கண்ணில் பட்டது. வௌவாலை வரையச் சொல்லும் வரி, ஒரு பக்கத்தின் அடியில் ஒரு தடவை, அடுத்த பக்கத்தின் தலையில் இன்னொரு தடவை. எட்டையும் வரைந்து, வரைந்த இடத்திலேயே இன்னொரு தடவை வரைந்திருக்கிறேன், மூச்சு வாங்காமல் என்ன செய்யும்? ஆக காலத்தையும் பிடிக்கவில்லை, கழுதையையும் பிடிக்கவில்லை, கோபத்தில் செய்த கைத்தவறு. யாரிடம் போய்ச் சொல்வது? அதற்குள் அண்ணன் ஊரெல்லாம் சொல்லியாயிற்று. பத்திரிகைக்காரர் வந்து கேட்டாலும் அது தங்கச்சியின் கைவண்ணம் என்பான், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் யாரோ ஒரு பையனின் அப்பா கேட்டாலும் அதையே சொல்வான், சொல்லும்போது என்னைப் பார்ப்பான், நான் தட்டில் இருப்பதைப் பார்ப்பேன். கேம் வேலையை அவன் விட்டு இருபது வருடமாகிறது, இப்போது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வைத்திருக்கிறான், கம்பம் நட்டு, அடி அளந்து, பின்னால் வண்டி எடுக்கச் சொல்லிக்கொடுக்கிறான், அங்கேயும் அளவு பிசகினால் அவனுக்கு ஆகாது. நாங்கள் பேசிக்கொள்வது அம்மாவின் மாத்திரை, அம்மா வீட்டுத் தண்ணீர் மோட்டார், அதோடு சரி. அந்த மெதுவைப் பற்றி இருவரும் தனியாக ஒருநாளும் பேசியதில்லை. எனக்கு அது நெஞ்சில் முள்ளாகத்தான் இருந்தது, இருபத்தெட்டு வருடமும் இருந்தது... சரி, பழங்கதை போதும். அவன் பள்ளத்துக்கு என் தப்புதான் வழி விட்டது, அந்தத் தப்பைத் திரும்பச் செய்து கொடுப்பேன், பலகை கிடையாது.

புதிய புரோகிராமில் வௌவால் பகுதியைத் திறந்தேன். வரைகிற வரி ஒன்றுதான் இருக்கிறது. இரண்டாவது எங்கே? என் புரோகிராமில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது அப்போதே சட்டம். டயர் கடை மாடியில் இசைக்காரர் ஒருமுறை தன் மெட்டு இன்னும் நாலு வினாடி ஓடட்டும் என்று ஒரே ஒரு எண்ணை மாற்றிவிட்டார், தெரிந்ததும் எல்லா டிஸ்கையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன், நாலு நாள் வேலை நின்றது, அண்ணன்தான் வந்து கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப் போனான். அந்த வயதுக்கு அது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் தப்பு என்று இன்றுவரை தோன்றவில்லை. இங்கேயும் பழைய வரியில் ஒன்றை எடுப்பதானாலும் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன், சிவப்பு மையில். இந்தப் பகுதியைத் திருப்பி எழுதியவர் இரட்டையப்பா, வீட்டில் ஒரே பிரசவத்தில் இரண்டு பெண்கள், எப்போதும் தூங்கி வழிகிற கண், ஆனால் வேலையில் கெட்டி. நாற்காலியைத் திருப்பிக் கேட்டேன். மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. எடுத்து இரண்டு மாதம் ஆகிறதாம்.

"தப்பா ரெண்டு தடவை வந்திருக்குன்னு நெனச்சு எடுத்துட்டேன் மேடம். எடுத்துப் பார்த்தா எதுவும் மாறல. அப்புறம் உங்ககிட்ட சொல்ல... கொஞ்சம் பயமா இருந்துச்சு. அப்படியே விட்டுட்டேன்."

பயமா, என்னிடமா? நான் என்ன கடித்தா விடுவேன்? தப்பா என்று அவர் சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்றது, சரியாகத்தான் சொல்கிறார், தப்பேதான், யாருடைய தப்பு என்று தெரிந்தால் இன்னும் பயப்படுவாரோ என்னவோ. புதிய கருவியில் அந்த வரி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான், அதற்காகச் சண்டை போட நேரமில்லை, இனிமேல் எதுவானாலும் சொல்லுங்கள் என்றேன், மெதுவாகத்தான் சொன்னதாக நினைத்தேன், பக்கத்து மேஜைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது. ஏன் நின்றது? சரி, நிற்கட்டும், எனக்கும் அமைதி வேண்டும். இரண்டு பத்து. வௌவால் எண்ணிக்கை ஐந்தைத் தாண்டினால் ஒவ்வொரு படத்தையும் இரு மடங்கு நேரம் பிடித்து வை, ஐந்துக்கு இறங்கியதும் விட்டுவிடு, பதினாறு வரி, பதினாறே வரி. ஆனால் பாட்டு மெதுவாகக் கூடாது, பழையதில் பாட்டு மட்டும் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும், அதனால்தான் நாம் மட்டும் மெதுவாகிவிட்டோம் என்று தோன்றும், அதைத் தனியாகப் பிரித்தேன். அலமாரியிலிருந்து பழைய கருவியை இறக்கித் தூசி தட்டிப் பக்கத்தில் வைத்து, இந்தத் திரை ஒரு தடவை, அந்தத் திரை ஒரு தடவை... மெதுவிலிருந்து வெளியே வரும்போது தபால்காரரின் பை லேசாக உதறும், அது இல்லாமல் என்னவோ போலிருந்தது, அதையும் சேர்த்தேன். இரண்டு ஐம்பதுக்குக் கட்டைவிரலைக் கூப்பிட்டேன். உட்கார்ந்தாள், ஐந்து முறை விழுந்தாள், ஆறாவதில் தாண்டினாள், அடுத்தடுத்து நாலு முறை தாண்டினாள், கை தானாகப் போகிறது அக்கா என்றாள், அவள் யாரையும் சுலபத்தில் பாராட்டுகிறவள் இல்லை.

அஞ்சு மணி வந்தார். கையில் பலகையின் படம், அச்செடுத்தே கொண்டுவந்திருந்தார். விளையாட்டுப் பிடியை அவர் கையில் கொடுத்தேன். விழுந்தார், இதைத்தான் சொன்னேன் என்றார், விழுந்தார், பலகை இருந்தால் என்று ஆரம்பித்தார், விழுந்தார், பேச்சு நின்றது, பன்னிரண்டாவது தடவை விழுந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். இருபதாவதோ இருபத்தொன்றாவதோ, வௌவால் எட்டும் கிளம்பி எல்லாம் மெதுவானபோது மனிதர் நாற்காலியில் பாதி எழுந்துவிட்டார், தபால்காரர் அந்தப் பக்கம் இறங்கியதும் யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தார். எல்லோரும்தான் பார்த்தோம். பலகைப் படத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார், ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், மூன்று இருபதுக்கு ஒரு படிவத்தை அனுப்பினார். திரையில் படம் அறுபதுக்குக் குறைந்தால் கருவிக்காரர்கள் பிழை என்று திருப்பிவிடுவார்களாம், பிழை இல்லை என்றால் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். மூலக் கேமில் இது வேண்டுமென்றே செய்யப்பட்டதா, செய்தவர் யார், சான்று என்ன, மூன்று கேள்வி, கீழே கையெழுத்து. பதில் அப்படியே மாற்றப் பட்டியலில் போகும், கேம் வாங்குகிற எல்லோரும் படிப்பார்கள். ஊருக்கே தெரிந்த விஷயம்தானே மேடம், ஆமாம் என்று போட்டு உங்கள் பெயரை எழுதுங்கள், ஏதாவது பழைய டிஸ்கின் படத்தை இணைத்தால் போதும் என்றார், அஞ்சு மணிக்குள் என்று சேர்க்கவும் மறக்கவில்லை.

ஆமாம் என்று போட்டால் பொய். சிரித்து மழுப்பிய பொய் வேறு, கையெழுத்துப் போட்ட பொய் வேறு, இரண்டாவதை நான் செய்ய மாட்டேன். இல்லை என்று போட்டால் பிழை, பிழை என்றால் பலகை, அது மட்டுமா, தங்கச்சி செய்தது கைத்தவறு என்று ஊரோடு சேர்ந்து அண்ணனும் படிப்பான், ஒரு பயிற்சிக்கும் அடுத்த பயிற்சிக்கும் நடுவில், வண்டியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு... இருபத்தெட்டு வருடம் பெருமையாகச் சொன்னானே, அவன் முகத்தை எங்கே கொண்டு வைத்துக்கொள்வான்? கோபத்தில் செய்ததும் வேண்டுமென்று செய்ததில் சேருமா? சேராது. ஆனாலும் அந்தப் புதன்கிழமை மாலை நான் என்னதான் நினைத்துக்கொண்டு தட்டினேன், மனதின் ஒரு மூலையில் அவனுக்கு உதவ வேண்டும் என்று இருந்திருக்காதா, ஏதாவது குறிப்பு எழுதியிருப்பேனா... பார்த்துவிட்டால் போகிறது. போன மாதம்தான் பழைய டிஸ்க் நாற்பத்துமூன்றையும் ஒருவரிடம் கொடுத்து உள்ளே இருப்பதை மீட்டு வாங்கினோம், கடைசி மாதம் நாளுக்கு ஒரு டிஸ்க், மேலே ஒட்டிய சீட்டுகளையும் படம் பிடித்துக் கொடுத்திருந்தார், யாரும் திறந்து பார்க்கவில்லை, நானும்தான். மூன்று ஐம்பது. புதன்கிழமையைத் திறந்தேன்.

வரி ஒன்றுதான் இருந்தது. நான் கிளம்பும்போது சேமித்தது, நேரம் மாலை ஆறு நாற்பது, வரி ஒன்றேதான். மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தேன், ஒன்றுதான். வெள்ளிக்கிழமையைத் திறந்தேன், இரண்டு. நடுவில் வியாழன் என்று ஒரு டிஸ்க்... வியாழன் எப்படி இருக்கும், வியாழன்தான் நான் அங்கே இல்லையே? சீட்டின் படத்தைப் பார்த்தேன். வலப்பக்கம் சாய்ந்த எழுத்து, வீட்டில் மின் கட்டண அட்டையிலிருந்து அம்மாவின் மருந்துப் பெட்டிவரை நான் பார்த்து வளர்ந்த எழுத்து. சேமித்த நேரம் வியாழன் மாலை நாலு பத்து. அந்த நேரத்தில் நான் ஆஸ்பத்திரி நடையில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், உள்ளே கண்ணில் கட்டோடு அம்மா கால் மணிக்கொரு தடவை மணி என்ன ஆகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். டிஸ்குக்குள் வரி இரண்டு. ஒன்றின் கீழ் ஒன்று, எழுத்துக்கு எழுத்து அதே வரி. இரண்டாவது வரிக்குப் பிறகு வெற்றிடம், திரை பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போகிறது, வெற்றிடம், இன்னும் வெற்றிடம், வலது ஓரத்தில் ஒரு நட்சத்திரம்.

அண்ணன் தாளில் போடுகிற நட்சத்திரம். ஒரு தூரத்தை நூறு தடவை குதித்துப் பார்த்து இதுதான் என்று முடிவு செய்தால் அந்த இடத்தில் சிவப்புப் பேனாவால் சின்னதாக ஒன்று போடுவான், இனி இங்கே யாரும் கை வைக்காதீர்கள் என்று அர்த்தம், நாங்களெல்லாம் கேலி செய்வோம். வரியின் முடிவில் குறிப்புக்காக இப்படி எதையாவது எழுதினால் கருவி அதைக் கண்டுகொள்ளாது, என் கண்ணிலும் அது படவேயில்லை, எங்கள் பிரிண்டர் அகலம் போதாமல் வலது ஓரத்தை எப்போதும் வெட்டிவிடும். அவனா? எனக்கு அந்தப் பாஷை சுட்டுப் போட்டாலும் வராது என்று சொல்லிக்கொண்டிருந்தவன்... ஆனால் இரண்டு வருடம் என் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன், வரைபடத்தை மாற்றிப் போட்டுப் பார்க்க நான்தான் இரண்டு கட்டளை சொல்லிக்கொடுத்திருந்தேன். நாலாவது லெவலில் கல் அதிகமாக விழுந்து கருவி திணறியபோது ஏன் இப்படி என்று கேட்டான், ரெண்டு மடங்கு வேலை குடுத்தா யாருக்குத்தான் மூச்சு வாங்காது என்று நான்தான் சொன்னேன், நானேதான். ஒரு வரியை அப்படியே அடியில் இன்னொரு தடவை எழுத வேறு என்ன தெரிய வேண்டும்? அப்புறம் வெள்ளிக்கிழமை எழுந்து நின்று, எப்ப பண்ணினே என்று... அந்த முகத்தை நான் இத்தனை வருடம் சந்தேகப்படவே இல்லையே, வண்டியின் பிரேக் தேய்ந்திருக்கிறது என்றால்கூட வாங்க வந்தவனிடம் மறைக்கத் தெரியாதவன், எப்படி நடித்தான்? ஏன் நடித்தான்? நான் செய்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. பத்து நாள்தான் பாக்கி இருந்தது. ஒரு எண்ணை மாற்றியதற்கு டிஸ்கெல்லாம் நாலு நாள் பைக்குள் போனது. இது ஒரு வரி... முழுசாக ஒரு வரி.

படிவத்தை நிரப்பினேன். வேண்டுமென்றே செய்யப்பட்டதா, ஆமாம். செய்தவர் யார் என்ற இடத்தில் அவன் பெயரை இரண்டு எழுத்து அடித்து நிறுத்திவிட்டு, முழுப் பெயரையும் முதலெழுத்தோடு அடித்தேன், பள்ளிச் சான்றிதழில் இருக்கிற மாதிரி. சான்று, வியாழன் டிஸ்க், சீட்டின் படம், நட்சத்திரம் இருக்கிற வரி. நாலு முப்பத்திரண்டு. அனுப்புவதற்கு முன்னால் அவனை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா, கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வான், சொன்னால் நான் கேட்கப் போவதில்லை, பின்னே எதற்குக் கேட்பது... அதற்குள் விரல் அவன் எண்ணை அழுத்திவிட்டது. மூன்றாவது மணியில் எடுத்தான், பின்னால் வண்டிச் சத்தம், யாரோ கியரைப் போட்டுக் கறகறவென்று இழுக்கிறார்கள், கிளட்சை முழுசா மிதிங்க, மிதிங்க என்று அவர்களை ஒரு அதட்டு அதட்டிவிட்டு, அம்மாவுக்கு மாத்திரை வாங்கியாயிற்றா என்றான். வாங்கிவிட்டேன் என்றேன்.

"அண்ணா, ஏழாவது லெவல்ல எல்லாம் மெதுவாகுதே, அதை யார் பண்ணினது?"

"இதென்ன கேள்வி? நீதான்." ஒரு நொடி தயங்கவில்லை.

"வியாழக்கிழமை டிஸ்க் என் முன்னாடி இருக்கு. நட்சத்திரம் போட்டிருக்கே."

கறகறச் சத்தமும் நின்றுவிட்டது, வண்டியை ஓரம் கட்டச் சொல்லிக் கை காட்டியிருப்பான். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தேன், திரையில் எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது, அனுப்பு என்கிற பட்டன் மட்டும் பச்சையாக இருந்தது, அழுத்தினேன், அந்த விஷயத்தில் எனக்கு இரண்டாம் யோசனையே இல்லை, போய்விட்டது, அவன் பெயரோடு போய்விட்டது. இத்தனை வருடம் எனக்குக் கொடுத்து வைத்திருந்தானே, பாசமா அது, எல்லோர் முன்னாலும் தங்கச்சி நிமிர்ந்து நிற்கட்டும் என்றா? அப்படித்தான் இருக்க வேண்டும், அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்... நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் பேசினான். ஐம்பத்தாறு வயது ஆள், ஊரில் பாதிப் பேரை அதட்டி அதட்டி வண்டி ஓட்ட வைத்தவன், அந்தப் பக்கம் குரலே எழும்பவில்லை.

"பாப்பா... கோவமா இருக்கியா?"

இல்லை என்று சொல்ல வேண்டும், ஒரே வார்த்தை, வாய்வரை வந்து நிற்கிறது. இதே குரலை நான் இன்றைக்குத்தான் எங்கேயோ கேட்டேன், இதே இழுவை, சொல்லலாமா கூடாதா என்று நடுவில் ஒரு நிறுத்தம்... நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடி இல்லாததால் யார் முகமும் சரியாகத் தெரியவில்லை, இரட்டையப்பா என் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று திரும்பிக்கொண்டது மட்டும் தெரிந்தது, கட்டைவிரல் விளையாட்டின் சத்தத்தைக் குறைத்துவிட்டிருந்தாள், சுவரில் அந்தத் தாள் சிவப்பாக இருந்தது. போனில் அவன் காத்துக்கொண்டிருக்கிறான், மூச்சு கேட்கிறது. கோபமே இல்லை அண்ணா என்றுதான் சொல்லப் போகிறேன், அது சத்தியமும்கூட, ஆனால் நான் சொன்னால் நம்புவானா?